கத்திரி வெயிலில் போர்வை

எங்கள் ஊர் கரூர். கோடையில் டிவி செய்தியில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது கரூர் பரமத்தி என்ற பெயர் வராத நாள் குறைவு. அந்த ஊரில், கத்திரி நடுவில், ராத்திரி பத்து மணிக்கு ஃபேனை நிறுத்தச் சொல்லி நான் சண்டை போட்டேன். பெரியவன் வேர்த்து ஒழுகிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டுக்காரர் டேபிள் ஃபேனைத் தன் முகத்துக்கு மட்டும் திருப்பி வைத்துக்கொண்டார். நான் தலை வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன், கால் விரல்கள் மட்டும் சில்லிட்டே கிடந்தன.

"ஏங்கண்ணு, இந்த வேக்காட்டுல போத்திட்டுப் படுத்திருக்கிறே, காச்சலா?" என்று அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "ரத்தம் கம்மியா இருக்கும்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது வயது 36. குறைந்திருந்தது தைராய்டு என்று தெரிய வெகுநாள் ஆயிற்று.

இதெல்லாம் ஒரே நாளில் வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு காரணமும் இருந்தது. முடி கொட்டியபோது போர்வெல் உப்புத் தண்ணீரைத் திட்டினோம். உடம்பு ஊதியதற்கு இரண்டாவது பிரசவம். மலச்சிக்கலுக்குக் கடுக்காய்ப் பொடி. விடியற்காலையில் இரண்டு கை விரல்களும் மரத்துப்போய், உதறி உதறித்தான் உயிர் வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் மேல் பழி. குரல்கூட மாறிவிட்டது. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பில்லிங், டிஸ்பாட்ச் பார்க்கிறேன். மேசை விரிப்பும் கைத்துண்டும் பேல் பேலாகத் தூத்துக்குடிக்குப் போகும், நாள் முழுக்கப் போன்தான். லாரி ஆபீஸுக்குப் போன் செய்தால் "சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு தடவை திருத்தினேன். அப்புறம் விட்டுவிட்டேன், சார் என்றே இருக்கட்டும் என்று.

மறதியைத்தான் தாங்க முடியவில்லை. பத்து வருடமாக இன்வாய்ஸ் எண்ணைப் பார்க்காமலே சொன்னவள் நான். அந்த வருடம் ஒரே கன்சைன்மென்ட்டுக்கு இரண்டு பில் போட்டுவிட்டு முதலாளி முன்னால் நின்றேன். வீட்டில் "உட்கார்ந்தா உட்கார்ந்த இடம், படுத்தா படுத்த இடம்" என்ற பேச்சு. அவர்கள் சொன்னதைவிட நானே அதை நம்பியதுதான் இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. சோம்பேறியாகிவிட்டேன் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்று ஒரு மருத்துவரிடம் போனேன். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை தந்தார். கம்பெனியில் நடந்த முகாமில் கெட்ட கொழுப்பு 192 என்று வந்தது. இன்னொருவர் கொழுப்பு மாத்திரை எழுதினார். அதைப் போட்ட மூன்றாவது வாரம் கெண்டைக்கால் வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு ஒரு வலி மாத்திரை. மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

கண்டுபிடித்தது பியூட்டி பார்லர் பெண். நாத்தனார் மகள் சீருக்காகப் புருவம் திருத்தப் போயிருந்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "அக்கா, புருவத்தோட வெளிப்பக்கம் முடியே இல்லீங்களே. நான் எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. தைராய்டு பாத்தீங்களா? எங்கம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு புருவமும் முக்கால் வழியில் நின்றுபோயிருந்தன. தினமும் பொட்டு வைக்கும் முகம், எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் லேபில் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 84.6. பக்கத்திலேயே இயல்பான அளவு 0.4 முதல் 4.2 வரை என்று அச்சடித்திருந்தது. "தைராய்டு இருபது மடங்கு ஜாஸ்தி" என்று வீட்டில் எல்லோரும் அதிர்ந்தார்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பி சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. எங்கள் கம்பெனி பாஷையில் சொன்னால், தையல் யூனிட்டில் சரக்கு நேரத்துக்கு வந்துகொண்டிருந்தால் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு போன் வரும். சரக்கு வரவில்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். டி.எஸ்.எச். அந்தப் போன் எண்ணிக்கை. 84 என்றால் தலைமையகம் கத்திக்கொண்டே இருக்கிறது, யூனிட்டில் மெஷின் ஓடவில்லை என்று அர்த்தம். சுரப்பி மந்தம். எதிர்ப்பக்கம், சுரப்பி தறிகெட்டு ஓடினால் போனே வராது, டி.எஸ்.எச். சுழியத்தை ஒட்டி நிற்கும். சரக்கு என்பது தைராக்ஸின், லேப் தாளில் டி4 என்று இருக்கும். உடம்பு அதை டி3 ஆக மாற்றிக்கொண்டு பயன்படுத்துகிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிப்பது, குடல் எப்படி நகர்வது, உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்குவது, கொழுப்பை ஈரல் எப்படிக் கழிப்பது, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி மாதிரி, இருபது கிராம் அளவில் இருக்கும் ஒரு சுரப்பிக்கு இவ்வளவு வேலை.

பார்லர் பெண்ணின் அம்மா பார்க்கும் டாக்டரிடமே போனேன். வயதானவர். தாளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். நாடித்துடிப்பு 54. நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் வெடுக்கென்று உதைத்தது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க, போன கால் திரும்பி வர யோசிக்குது. உள்ளே எல்லாமே இப்படித்தான் யோசிச்சிட்டு இருக்கு. இவங்களைப் போய்ச் சோம்பேறின்னு சொல்லியிருப்பீங்களே" என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

கொழுப்பு, கால் வலி, ரத்தப்போக்கு, கை மரத்துப்போவது, குரல் எல்லாமே ஒரே கொடியில் காய்த்தவை என்று விளக்கினார். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும். அந்த நிலையில் கொழுப்பு மாத்திரை போட்டால் தசை வலி வர வாய்ப்பு கூடுதல். அதனால் கொழுப்பு அதிகம் என்று வந்தாலே முதலில் டி.எஸ்.எச். பார்ப்பது நல்லது. எனக்கு யாரும் பார்க்கவில்லை.

நான் உப்பில் அயோடின் பற்றாமல் வந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்னொரு பரிசோதனை எழுதினார், ஆன்ட்டி டிபிஓ. அது பல நூறில் வந்தது. நம் உடம்பின் பாதுகாப்புப் படையே தைராய்டை அந்நியன் என்று நினைத்து அரித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 1912இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர். அயோடின் கதை வேறு. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் அயோடின் இல்லாமல் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை இருந்தது. 1962இல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்து, உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தார்கள். இன்று நம் பக்கம் வருவதில் பெரும்பங்கு ஹாஷிமோட்டோதான். அதற்கு உப்பைக் கூட்டியும் பயனில்லை, குறைத்தும் பயனில்லை. ஆனால் நடுவில் எங்கள் வீட்டில் ஆரோக்கியம் என்று இந்துப்புக்கு மாறியிருந்தோம். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். பழைய பாக்கெட் உப்புக்கே திரும்பிவிட்டோம்.

இந்தியாவில் எட்டு நகரங்களில் எடுத்த ஒரு ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சுரப்பு குறைவு இருந்தது, சென்னையும் அதில் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. டாக்டர் இதைச் சொன்னபோது எங்கள் பில்லிங் செக்‌ஷனில் பதினோரு பேர் இருக்கிறோமே என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். லெவோதைராக்ஸின். உடம்பு செய்யாத அதே டி4, பொட்டுக்கடலையில் பாதிகூட இராது. 50 மைக்ரோகிராமில் தொடங்கி 75, 100 என்று ஏற்றினார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. 84 நாற்பதானது, நாற்பது பத்தொன்பதானது, அங்கேயே நின்றுவிட்டது. 125க்கு ஏற்றியும் அசையவில்லை. அப்போதுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிப் போடறீங்க, காலையில எந்திரிச்சதிலிருந்து சொல்லுங்க" என்றார்.

பெருமையாகச் சொன்னேன். ஒரு நாள்கூட மறப்பதில்லை சார். அஞ்சரைக்கு எழுந்து பால் காய்ச்சி, ஃபில்டர் காபியோடு தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை மூன்றையும் ஒரே கையில் போட்டு முழுங்கிவிடுவேன். ஒன்றாகப் போட்டால் மறக்காது பாருங்கள்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரும்பும் கால்சியமும் குடலில் இந்த மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவிடாது. காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆறு மாதமாக மாத்திரைக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதியை உடம்பில் சேர விடாமலே வெளியே அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் மருந்துச் சீட்டில் "காலை 1" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் என்ன செய்வேன் என்றும் தோன்றியது.

அதன் பிறகு வைத்துக்கொண்ட பழக்கம் இது. ஐந்தேகாலுக்கு அலாரம், தலைமாட்டில் சொம்பில் தண்ணீர், வெறும் தண்ணீரில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அந்த ஒரு மணி நேரம் முதல் மாதத்தில் ஒரு யுகம், இப்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் போய்விடுகிறது. இரும்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்சியம் ராத்திரி. இவை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரம் வேண்டும். அசிடிட்டிக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இதே கணக்கு. சிலர் ராத்திரி படுக்கும்போது போடுகிறார்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்துக்குத் தூங்கும் எங்கள் வீட்டுக்கு அது ஆகாது. கிருத்திகை விரதத்தன்று போடலாமா என்று கேட்டதற்கு, "முருகன் மாத்திரைக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்" என்றார் டாக்டர். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு போடுகிறேன். டப்பா முன்பு அடுப்பு மேடை ஜன்னலில் இருந்தது, கரூர் வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்த இடம். இப்போது படுக்கையறை அலமாரிக்குள். கம்பெனி பெயரையும் மாற்றுவதில்லை. கடைக்காரர் வேறு தந்தால் வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

இரண்டே மாதத்தில் டி.எஸ்.எச். 3.1. கூட்டிய அளவை டாக்டர் அன்றே பழையபடி 100க்குக் குறைத்திருந்தார். அந்த வருட இறுதியில் கெட்ட கொழுப்பு 128, கொழுப்பு மாத்திரை இல்லாமலே. அவர்தான் அதை நிறுத்தியிருந்தார், நானாக நிறுத்தவில்லை. கை மரத்துப்போவது போயிற்று. லாரி ஆபீஸில் மறுபடி மேடம் ஆனேன்.

எடைதான் ஏமாற்றியது. 13 கிலோ ஏறியிருந்தேன், மாத்திரை போட்டால் 13ம் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலு கிலோவோடு நின்றது. தைராய்டு குறைவதால் ஏறுவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான், அது சில கிலோவுக்கு மேல் போவதில்லையாம். "மிச்சம் தைராய்டு இல்லைம்மா, சாயங்கால முறுக்கு" என்றார். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதே டாக்டர்தான் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தொடக்கூடாது என்ற சொந்தக்காரர்கள் தடையையும் நீக்கினார். வேகவைத்து நாம் சாப்பிடும் அளவுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவு தெரிந்தும் அடுத்த வருடம் ஒரு காரியம் செய்தேன். டி.எஸ்.எச். மூன்று தடவை சரியாக வந்தது. சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு ஆயுசு முழுக்க மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தைராய்டை வேரோடு போக்கும் மூலிகைப் பொடி என்று ஒன்று கூரியரில் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் எந்த வித்தியாசமும் இல்லை. பொடி வேலை செய்கிறது என்று இரண்டு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்துவிட்டேன். உண்மையில் அந்த இரண்டு வாரமும் பழைய மாத்திரைதான் உழைத்துக்கொண்டிருந்தது. உடம்பில் சேர்ந்த தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் மறந்தால் பெரிதாகத் தெரியாததற்கும், அளவை மாற்றினால் ஆறு வாரம் காத்திருந்து பார்ப்பதற்கும் அதுதான் காரணம். மூன்றாம் மாதம் மறுபடி போர்வை. டி.எஸ்.எச். 57.

திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். டாக்டர் திட்டவில்லை, ஒரு கதை சொன்னார். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், என்னைப் போலவே உடம்பு ஊதி மந்தமாகிக் கிடந்த ஒரு அம்மாவுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அதுவரை இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்த அம்மா அதற்கப்புறம் 28 வருடம் வாழ்ந்தார். "அவங்களுக்கு ஆட்டுச் சாறு, உங்களுக்கு மாத்திரை. சர்க்கரை தீர்ந்த டப்பாவுல சர்க்கரை கொட்டறோம், அவ்வளவுதான். இது பழகிப் போற மருந்து இல்ல" என்றார். சிபாரிசு செய்த இரண்டு பேருக்கும் அன்றைக்கே போன் செய்தேன். ஒருவர் மாத்திரைக்குத் திரும்பினார், இன்னொருவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

இதற்கு நேர்மாறான கதையும் வீட்டிலேயே நடந்தது. அத்தைக்கு 74 வயது. சலுகை விலை முழு உடல் பரிசோதனை ஒன்றில் அவருக்கு டி.எஸ்.எச். 6.2 வந்தது, டி4 சரியாக இருந்தது. உடனே என் மாத்திரையில் பாதி கொடுத்தால் என்ன என்று வீட்டில் ஒரு யோசனை. டாக்டர் மறுத்துவிட்டார். வயதானால் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது சகஜம், தேவையில்லாமல் கொடுத்து அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 5.4. மாத்திரை இல்லை. பேக்கேஜ் போட்டு விற்கும் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் வருவதெல்லாம் நோய் இல்லை.

தங்கச்சிக்கும் ஹாஷிமோட்டோ இருக்கிறது, இது குடும்பத்தில் ஓடும். அவள் இரண்டாவது கர்ப்பத்தை உறுதி செய்த அன்றே டாக்டருக்குப் போன் செய்து மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டாள். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்வதற்கு அம்மாவின் தைராக்ஸினைத்தான் நம்பியிருக்கிறது, அதற்குள் தேவை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாத விஷயம் இது. பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது.

சித்தி மகளுக்கு நடந்தது வேடிக்கை. கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் திடீரென்று டி.எஸ்.எச். அடிமட்டத்தில், டி4 உச்சத்தில். படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம் எதுவும் இல்லை. அளவைக் குறைக்கப் போன டாக்டர் கடைசியில் "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டாராம். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அது பல லேப்களில் பரிசோதனையையே குழப்பிவிடும். மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் எல்லாம் பழையபடி.

பார்லருக்கு இப்போதும் போகிறேன். புருவ நுனியில் முடி வந்துவிட்டது, அவளுக்கு எடுக்கவும் கொஞ்சம் கிடைக்கிறது. "உங்கம்மாவுக்கு இருக்குன்னா நீயும் பாக்கணுமில்ல?" என்று நான்கைந்து தடவை சொல்லியிருப்பேன். எனக்கென்ன வந்துவிட்டது என்று சிரித்துவிடுவாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. டி.எஸ்.எச். 7.8, பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி. கீழே, "அக்கா, பயப்படணுமா?"

இந்தத் தை மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. குழந்தைக்குப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். அப்படியென்றால் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நீயாக விட்டுவிடாதே, இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, அம்மா டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதே என்று பதில் போட்டேன். ஒரு நிமிடம் கழித்து, காலையில் காபி குடிப்பாயா என்று இன்னொரு செய்தியும் அனுப்பினேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், கூடப் போவதற்கு.